மலையடியில் ஒரு சமதரை

— இந்த எடம் சரிதான்னு கையெழுத்துப் போடத்தானே கூட்டியாந்தேன் நெலிதா, ஓடைக்கரையச் சுரண்டிக்கிட்டு நிக்கிறியே! எரிமலை ஆபீசரே நம்ம வீட்டுப் பொண்ணுதான்னு ஊர்ல பீத்தியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கடப்பாரையோட பள்ளிக்கூடம் கட்ட வந்துருவாங்க தாயி.

— வேற இடம் பாக்கலாம்னு சொல்லிரு சபினோண்ணே. நீதானே தலைவரு.

— வேற இடமா? நம்ம ஊர்ல ஒரு உருளைக்கிழங்கு கை தவறினா ஆத்துல போய்த்தான் பொறுக்கணும். சமதரைன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.

— அதைத்தான் கேக்கறேன். சுத்தி எல்லாம் சரிவு, இது மட்டும் எப்படிச் சமமாச்சு?

— சாமி குடுத்தது.

— மலை குடுத்தது. மேல பாரு, எவ்வளவு வடிவாக் கூம்பு மாதிரி நிக்குது.

— அழகுக்கு என்ன குறைச்சல்? பக்கத்து ஊர்க்காரனுக்கு வயித்தெரிச்சல்.

— எனக்கு அந்த அழகுதான் பயமே. கிழட்டு மலைன்னா மழையும் பனியும் அரிச்சுப் பல்லு போன வாய் மாதிரி ஆயிருக்கும். இது இன்னும் வளர்ற வயசு. சாம்பலும் கல்லும் சரியா ஒட்டாம அடுக்கி நிக்குது, உச்சியில பனி வேற. லேசாச் சூடு ஏறினாப் போதும், பனி உருகிச் சாம்பலைக் கரைச்சுக்கிட்டு இந்த ஓடை வழியா இறங்கும். இங்க வந்ததும் விரிஞ்சு படுத்துக்கும். காஞ்சா சமதரை.

— இது சேறா? காரை மாதிரியில்ல இறுகிக் கெடக்கு!

— தொட்டுப் பாரு. பாறை, மணல், பொடி எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. வெறும் தண்ணின்னா கல்லு தனி, மணல் தனின்னு பிரிச்சுப் போட்டிருக்கும். கீழ கருப்பா ஒரு கோடு தெரியுதா? அது புல்லு முளைச்ச காலம். அதுக்கும் கீழ மறுபடி சேறு.

— எல்லாம் இன்கா ராசாவுக்கு முந்தி நடந்திருக்கும் போ. பண்ணையாரு நிலத்தைச் சர்க்கார் பிரிச்சுக் குடுத்து நம்ம தாத்தாக்கள் இங்க வந்தாங்க. அன்னையிலேருந்து ஒண்ணுமே நடக்கலையே! போன மாசங்கூட மலைச்சாமிக்குக் கோக்கா இலையும் சோளக்கள்ளும் வச்சோம்.

— அந்தப் பண்ணையாரு முழ நிலத்துக்கும் கோர்ட்டுக்குப் போனவராம். இந்தத் துண்டுக்கு மட்டும் வாயே திறக்கலையாமே?

— நம்ம அதிர்ஷ்டம்.

— இந்தா, சேத்துக்குள்ளேருந்து நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்னன்னு நீயே சொல்லு.

— இதுவா... டயர்ச் செருப்பு.

— இன்கா ராசா டயர்ச் செருப்பா போட்டாரு?

— ரொம்பத்தான் கிண்டல். எவனாவது குழி தோண்டிப் புதைச்சிருப்பான்.

— மேல ஆள் உசரத்துக்குச் சேறு, வெட்டின தடமே இல்ல. சேறு வந்தப்போ அதோடவே மாட்டினது இது. நம்ம தாத்தாக்கள் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நடந்திருக்கு.

— பண்ணையாள் எவனோ ஓடுறப்போ விட்டிருப்பான். ஒத்தச் செருப்புக்காக ஊர் ஆசையில மண்ணைப் போடாத தாயி. என் மக, உன் மருமக, தெனம் மலை இறங்கி ஏறிப் படிக்கிறா. குளிர்ல கால் வெடிச்சு ரத்தமா வந்து நிக்கிறா. என்னால பாக்க முடியலடி.

— என்னாலயும்தான் முடியல. கையை நீட்டு. இந்தச் செருப்பை உள்ளங்கையில வச்சுப் பாரு.

— சின்னதா இருக்கே.

— இங்க இன்னொண்ணு. பக்கத்துலயே இன்னும் ரெண்டு.

— இரு, நான் இழுக்கறேன்... இதுவும் பிள்ளைங்க செருப்புதான். இது என்ன பலகை, இவ்வளவு நீளமா உள்ள போகுது?

— மெதுவாண்ணே. பெஞ்சு. அதோ பாரு, காலும் இருக்கு.

— பண்ணையில இத்தனை பிள்ளைங்க ஒரே எடத்துல உக்காந்து என்ன பண்ணுச்சுங்க நெலிதா?

— படிச்சுக்கிட்டு இருந்திருக்குங்கண்ணே.