மாமா நெஞ்சுல இருந்தது

மூடுக்கா அதை. மொதல்ல மூடிப் பைக்குள்ள வை. இப்பதான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து உக்காந்தேன். செத்துப்போன மனுஷனோட நெஞ்சைக் கீறி எடுத்த பேஸ்மேக்கரை எவர்சில்வர் டப்பாவுல பஞ்சு சுத்தி, என்னமோ கம்மல் வாங்கிட்டு வந்த மாதிரி கொண்டாந்து என் மடியில வைக்கிறே. கழுவித்தான் குடுத்தாங்களா? கழுவாம வேற குடுப்பாங்களான்னு என்னையே கேக்கறே. அதுக்கில்லக்கா. உன் புருஷன் உடம்புக்குள்ள எத்தனை வருஷம் கிடந்தது அது. அதைத் தூக்கி என் உடம்புக்குள்ள வெச்சுக்கச் சொல்றியே, எப்படி வாய் வருது உனக்கு?

கோவம்லாம் இல்ல. அருவருப்பா இருக்குன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற.

சின்ன வயசுலேர்ந்து என்கிட்ட வந்ததெல்லாம் நீ கழிச்சதுதானே. உன் யூனிஃபார்ம், உன் ஸ்வெட்டர், உன் செருப்பு. அந்தச் செருப்புல உன் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். என் விரல் அதுல போய் உக்காராது, பக்கத்துல கிடந்து தடுமாறும். நாள் பூரா வேற யாரோட கால் மேலயோ நடக்கற மாதிரி இருக்கும் எனக்கு. அம்மாகிட்ட சொன்னா, நல்லாத்தானே இருக்கு, இதுக்கு என்ன குறைச்சல்னு கேப்பாங்க. நீயும் இப்ப அதையேதான் சொல்றே. நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்ச வருஷம் பேட்டரி ஓடும்னு.

டாக்டர்கிட்ட கேட்டாச்சு. நீ போன்ல சொன்ன வாரமே கேட்டேன், உன் பேச்சுக்கு மரியாதை குடுத்து. அவரு சிரிக்கல, பாவம். ஒருத்தர் உடம்புலேர்ந்து எடுத்ததை இன்னொருத்தருக்கு இங்க நாங்க வைக்கிறதில்லம்மான்னு சொல்லிட்டாரு. அதை உன்கிட்ட அன்னிக்கே சொன்னேன். சொன்னப்புறமும் தூக்கிட்டு வந்திருக்கே பாரு. வேற டாக்டர்கிட்டயும் நான் போறதா இல்ல.

சரி, அப்ப புதுசை வெச்சுக்கிட்டாத்தான் என்னன்னு கேப்பே. நீ மட்டுமா கேக்கறே, ஊரே கேக்குது. சொல்றேன் இரு.

கம்பெனியில என் வேலை உனக்குத் தெரியும். தைச்சு வர்ற சட்டையை மேஜையில விரிச்சு, தொங்கற நூலை வெட்டி, தையல் விட்டிருக்கா, கறை பட்டிருக்கான்னு பாத்து, சரியில்லாததைத் தூக்கி ரிஜெக்ட் கூடையில போடணும். அன்னிக்குப் பூரா வெள்ளைச் சட்டை. ஒரு காலரைத் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். அடுத்தாப்ல கண்ணைத் தொறந்தா மேஜைக்குக் கீழ கிடக்கேன். தலை சுத்தல, கண்ணு இருட்டிக்கிட்டு வரல, ஒரு தகவல் கிடையாது. தூங்கினாக்கூட தூங்கி எழுந்தோம்னு தெரியும்ல. இது அப்படியில்ல. நடுவுல ஒரு துண்டை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்து மூட்டின மாதிரி இருந்துச்சு. கையில இருந்த கத்திரி புருவத்துல குத்தி ரத்தம் வேற. எவளோ ஒருத்தி அவ வேர்வை துடைச்ச கர்ச்சீப்பை என் மூக்குல வெச்சு அமுக்கறா. மோந்தா தெளிஞ்சுடுமாம். அதுக்கு மயக்கத்துலயே கிடந்திருக்கலாம்.

முதலாளி ஓடி வந்தாரு. என்கிட்ட வரல. சட்டையையெல்லாம் தூக்குங்க, ரத்தம் பட்டுடப் போகுதுன்னாரு. ரெண்டு மூணுல பட்டுத்தான் இருந்துச்சு. எழுந்து நானே அதை எடுத்து ரிஜெக்ட்ல போட்டேன்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு டாக்டர். ஒருத்தர் வயித்துல கேஸ்னாரு. ஒருத்தி ரத்தம் கம்மின்னா. மாசாமாசம் வர்றது நிக்கற வயசு, அப்படித்தான் இருக்கும்னா இன்னொருத்தி, ஆம்பளைங்க நிக்கிறாங்கன்னுகூடப் பாக்காம. எங்க வீட்டுக்காரரு, நீ எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கறே, அதான் தலைக்கு ஏறுதுன்னாரு. உன் மாமியார் வீட்டுப் பக்கத்துலேர்ந்துகூட யாரோ போன் பண்ணி மனசை லேசா வெச்சுக்கச் சொன்னாங்களே. மனசையா கழட்டித் தராசுல வெக்க முடியும்?

ரெண்டாந்தடவை பாத்ரூம்ல. அதைச் சொல்லவே நாக்கு கூசுது. சோப்பு போட்டுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான் ஞாபகம். கதவை உடைச்சுக்கிட்டு இவரு மட்டும் வந்திருந்தாப் பரவால்ல. எதிர் வீட்டு எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டு வந்துட்டாரு. உடம்புல ஒட்டுத் துணியில்லாம, முகம் பூரா நுரையோட கிடந்திருக்கேன். அந்த ஆளு தங்கமான ஆளுதான், துண்டைப் போட்டு மூடினதே அவருதானாம். ஆனா இப்பல்லாம் மாடிப்படியில எதிர்ல வந்தா சுவத்தைப் பாத்து வணக்கம் சொல்றாரு. நானும் சுவத்துக்குத்தான் பதில் சொல்றேன்.

அன்னிக்கு சாயங்காலமே இவரு தாழ்ப்பாளைக் கழட்டிட்டாரு. கழட்டினதோட விட்டாரா? கதவுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்துக்கறாரு. இருக்கியான்னு கேப்பாரு, இருக்கேன்னு நான் சொல்லணும். திரும்பவும் இருக்கியா, திரும்பவும் இருக்கேன். வாய் நிறைய பேஸ்ட்டு நுரையை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? கொஞ்சம் லேட்டானா போதும், கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள நிக்கறாரு. கட்டின பொண்டாட்டிதான், இல்லேங்கல. அதுக்காகக் கக்கூஸ்ல உக்காந்திருக்கறவ உள்ளேர்ந்து பள்ளிக்கூடத்துல மாதிரி ஆஜர் குடுக்கணுமா? இந்த உடம்பு மேலயே வெறுத்துப் போச்சுக்கா எனக்கு. என்னைக் கேக்காம நிக்குது, என்னைக் கேக்காம விழுது, வேடிக்கை பாக்கறவங்க முன்னாடி என்னைப் போட்டுட்டு அது பாட்டுக்குத் திரும்ப அடிக்குது.

அதுக்கப்புறம்தான் நெஞ்சுல ஒயரை ஒட்டி, துடிப்பைப் பதியற ஒரு பெட்டியை இடுப்புல கட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க. அதைப் பாத்துட்டுத்தான் டாக்டர் கூப்பிட்டாரு. இதயம் ஒழுங்கா அடிச்சுக்கிட்டே வந்து திடீர்னு நின்னுடுதாம். அப்புறம் ஞாபகம் வந்த மாதிரி தானா ஆரம்பிக்குதாம். எப்பவாவது ஒரு தடவை ஆரம்பிக்காமலே போயிடலாம்மான்னாரு, ரொம்பப் பொறுமையா. பேஸ்மேக்கர் ஒண்ணை எடுத்து என் கையில வெச்சாரு. உன் இதயம் அடிக்கிற வரைக்கும் இது வாயைத் தொறக்காது, அது மறந்தா மட்டும் ஒரு தட்டு தட்டும்னாரு. வழவழன்னு இருந்துச்சு. பல்லி முட்டையைத் தொட்ட மாதிரி சட்டுனு கீழ வெச்சுட்டேன். தோளுக்குக் கீழ தோலைக் கீறி ஒரு சின்ன பாக்கெட் மாதிரி பண்ணி அதுக்குள்ள வெச்சுடுவாங்களாம். பாக்கெட்டாம். நான் பாக்காத பாக்கெட்டா? கோணலா இருந்தா எந்தக் கூடையில போடறதுன்னு கேட்டேன். அவருக்குப் புரியல. வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

கத்திக்குப் பயந்துட்டேன்னு இவரு நினைக்கறாரு. தழும்பு தெரியும்னு யோசிக்கறேன்னு நீ நினைக்கறே. ரெண்டும் இல்ல. புருவத்துலயே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், இதுக்கு மேல என்ன அழகு கெட்டுடப் போகுது.

இன்னும் தெரியலையா உனக்கு? மாமா போன அன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி ரூம்ல உன்கூட யாரு இருந்தா? நான்தானே. அவருக்கு நுரையீரல்தான் கெட்டுப் போயிருந்துச்சு. நெஞ்சுல இருந்த மிஷினுக்கு ஒரு கேடும் இல்ல. மூச்சு நின்னப்போ நான் கட்டில் கால்மாட்டுல நிக்கறேன். எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கன்னம் உள்ள போயிடுச்சு, வாய் தொறந்துக்கிச்சு, காதெல்லாம் மெழுகு மாதிரி ஆயிடுச்சு. நீ அவரைப் பாக்கவே இல்லக்கா. மேல மாட்டியிருந்த ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இருந்தே. அதுல கோடு குதிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. பாருடி, அடிக்குது, நல்லா அடிக்குதுன்னு என்கிட்ட சொன்னே. அவரு கையைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே காதுல பேசினே, வீட்டுக்குப் போலாம், எழுந்திருங்கன்னு. நர்ஸ் வந்து, அது அவரு இல்லம்மா, மிஷின் அனுப்பற துடிப்பும்மான்னு எவ்வளவு பக்குவமாச் சொன்னா. நீ அவ கையைத் தட்டி விட்டே. டாக்டர் வந்து ஒயரைக் கழட்டற வரைக்கும் நீ பேசறதை நிறுத்தல.

நான் போன் பண்றதுக்குத்தான் வெளிய போனேன்னு நீ நினைச்சுட்டு இருக்கே. வாந்தி எடுக்கப் போனேன்.

அருவருப்பு மாமா மேல இல்லக்கா. அவரு என்ன பண்ணுவாரு, பாவம், அவரு போயாச்சு. அந்தக் கோட்டு மேல. செத்துப்போனவரை உயிரோட இருக்கறதா காட்டி, உன்னை அவரு முகத்தைக்கூடப் பாக்க விடாம பண்ணிச்சு பாரு, அது மேல. அந்தச் சனியனை நான் எதுக்குக் காசு குடுத்து நெஞ்சுக்குள்ள வாங்கி வெச்சுக்கணும்?

செலவு மிச்சமாகும்னு நீ இதைக் கொண்டாரலைன்னு எனக்குத் தெரியும். எங்கயாவது ஒரு உடம்புல அது திரும்ப அடிச்சாப் போதும் உனக்கு. என்கிட்ட இருந்தா நினைச்சப்போ வந்து காதை வெச்சுக் கேட்டுட்டுப் போலாம். இல்லேன்னு சொல்லு பாப்போம். அழாதேன்னு சொல்லல, அழு. மூக்கை மட்டும் என் புடவையில துடைக்காதே.

போன வாரம் நான் மட்டும் திரும்ப டாக்டர்கிட்டப் போனேன். இவருக்குத் தெரியாது. வலிக்குமான்னு கேக்கல, எத்தனை நாள் லீவு எடுக்கணும்னு கேக்கல. நான் செத்தா இது என்ன பண்ணும்னு கேட்டேன். அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. செத்த உடம்பை இது பிடிச்சு வெச்சுக்காதும்மா, இது தட்டும், ஆனா இதயம் கேக்காதுன்னாரு. எங்க மாமா கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு, கடைசி நேரம்னு தெரிஞ்சுட்டா வெளியிலேர்ந்தே இதை நிறுத்தி வைக்கலாம், கீற வேண்டியதில்ல, வீட்டு ஆளு ஒருத்தர் எங்ககிட்டச் சொன்னாப் போதும்னு. உங்க மாமா விஷயத்துல யாரும் இதை முன்னாடியே பேசலை போலிருக்கேன்னாரு.

எங்க வீட்டுக்காரரு நிறுத்தச் சொல்ல மாட்டாரு. அவரால ஆகாது. அதனால உன் பேரைக் குடுத்திருக்கேன். ஆமா, உன்னைத்தான். வேற யாருக்கு அது எப்படி இருக்கும்னு தெரியும்?

நாளைக்குக் காலையில எனக்குப் புதுசை வைக்கிறாங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீ பையைத் தொறந்துட்டே. வெள்ளன வந்துடு. என்னை உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி டாக்டர் உன்னைப் பாக்கணும்கறாரு. எப்பவோ நடக்கப் போறதுக்கு இப்பவே எதுக்கு இந்தப் பேச்சுன்னு கேக்காதே, தலையை மட்டும் ஆட்டு. அந்த நாள் வந்தா நீ மேல எதையும் பாக்க வேண்டாம். என் மூஞ்சியைப் பாரு, நல்லாப் பாத்துட்டு, போதும்னு சொல்லு.