ரூவான் அகழியும் ஃபஹாஹீல் மூன்றாம் மாடியும்

சைரன். ஏறி இறங்கி அலறுகிறது. ஏறி இறங்கினால் தாக்குதல். நீட்டி ஊதினால் ஆபத்து நீங்கியது. குவைத்தின் ஃபஹாஹீலில் அந்த மார்ச் மாதம் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

"உள்ள வாங்க மிஸ்! சீக்கிரம்! சீக்கிரம்!"

ஓடுகிறேன். கையில் பாடப் புத்தகம். முன்னால் நிவேதா, என் மாணவி, பதினைந்து வயது. அவளுடைய அம்மா கதவருகே நின்று கத்துகிறார். அப்பா இஞ்சினியர். அவர் ஏற்கெனவே முகமூடி மாட்டிவிட்டார். படுக்கையறைக்குள் விழுகிறோம். ஜன்னலெல்லாம் பிளாஸ்டிக் ஷீட். ஓரமெல்லாம் டேப். விஷவாயு வந்தால் இந்த அறை காப்பாற்றுமாம். கதவு அடைபட்டது. உள்பக்கம் டேப் ஒட்டியாயிற்று.

வெளியிலிருந்து ஒரு சத்தம். ட்ர்ர்ர். டேப் இழுக்கிற சத்தம். மறுபடி ட்ர்ர்ர். கதவிடுக்கை வெளிப்பக்கமும் ஒட்டுகிறார்கள்.

யார் என்று கேட்கத் தேவையில்லை. வீட்டில் மிச்சம் இருந்தவள் ஒருத்திதான். தெய்வானை. வீட்டு வேலைக்கு வந்தவள். இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். உள்ளே மட்டும் ஒட்டினால் போதாது, வெளியேயும் ஒட்டினால்தான் பத்திரம் என்று நிவேதாவின் அம்மா, தெய்வானைக்கு மேடம், முடிவு செய்திருந்தார். வெளியே ஒட்ட வேண்டுமென்றால் வெளியே ஓர் ஆள் வேண்டும்.

2003. பக்கத்து ஈராக்கில் போர். எல்லைக்கு இந்தப் பக்கம் குவைத்தில் நாங்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரி. சரித்திர ஆசிரியை. ஷெல்லடிக்குத் தப்பி வந்தவள். வந்த இடத்திலும் சைரன். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். நிவேதாவுக்கு லண்டன் பரீட்சை. அதனால் அவர்கள் வீட்டிலேயே பாடம்.

அன்றைய பாடம் ரூவான். பிரான்சில் ஒரு நகரம். 1418. இங்கிலாந்து அரசனுக்குப் பிரான்சின் முடியும் வேண்டும். பிரான்சின் அரசனுக்குச் சித்தப்பிரமை. அவனுடைய உறவுக்காரப் பிரபுக்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். இங்கிலாந்துப் படை ரூவானைச் சுற்றி வளைக்கிறது. உள்ளே சாப்பாடு தீர்கிறது. குதிரையைத் தின்றார்கள். நாயைத் தின்றார்கள். எலியைத் தின்றார்கள். பிறகு நகரத்து வாசலைத் திறந்து ஏழைகளை வெளியே தள்ளினார்கள். கிழவர்கள். பெண்கள். கைக்குழந்தைகள். சண்டைக்கு உதவாத வாய்கள். முற்றுகையிட்ட அரசன் வழி விடவில்லை. நகரமும் வாசலைத் திறக்கவில்லை. நடுவில் அகழி. மாரிகாலம். அதற்குள் கிடந்தார்கள். புல்லைப் பிடுங்கித் தின்றார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைக் கூடையில் மேலே இழுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, திரும்பவும் அகழிக்குள் இறக்கினார்களாம். ஆன்மா பத்திரம். உடம்பு எக்கேடு கெட்டால் என்ன!

பாடப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி. அரசனுக்கு நாலு பக்கம். அரசன் ஏன் வென்றான் என்று விளக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம்.

நான் அகழியைச் சொன்னபோது மேடம் பக்கத்தில் இருந்து உச்சுக் கொட்டினார். "ஐயோ, பாவம் மிஸ்" என்றார். கண்கூடக் கலங்கியது. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழைய பாவத்துக்கு அழுத பெண், தன் வீட்டு ஹாலில் நிற்கிறவளை மறந்துபோனார்.

அறைக் கதவின் கைப்பிடியைத் திருகினேன்.

"மிஸ்! கதவத் திறக்காதீங்க! கேஸ் வந்துரும்!"

இழுத்தேன். டேப் கிழிந்தது. தெய்வானை ஹாலில் நிற்கிறாள். மூக்கில் ஈரத் துவாய். கையில் டேப் உருளை.

"உள்ளுக்கு வா!"

"டீச்சர், மேடம் ஏசுவாங்க."

"ஏசட்டும். வா!"

கையைப் பிடித்து இழுத்துப்போட்டேன். தூரத்தில் ஒரு முழக்கம். கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சைரன் நீட்டி ஊதியது. வாயு வரவில்லை. யாரும் சாகவில்லை. ஆனால் மேடம் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்க பொண்ணு உசுரோட விளையாடிட்டீங்க. இனிமே நீங்க வர வேணாம்."

இஞ்சினியர் கிழிந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சில நாளில் குடும்பம் சென்னைக்குப் பறந்தது. தெய்வானையைக் கூட்டிப்போகவில்லை. வீட்டுக்குக் காவல் வேண்டுமாம். அவளுடைய கடவுச்சீட்டு இஞ்சினியரின் பையில். கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள். வேலைக்காரி ஓடிவிடுவாள் என்று பூட்டுவது அங்கே பல வீடுகளில் வழக்கம். கடைக்குப் போனால் பூட்டுவார்கள். விருந்துக்குப் போனால் பூட்டுவார்கள். இவர்கள் கடல் தாண்டிப் போகும்போதும் அதே கைப்பழக்கத்தில் பூட்டிவிட்டார்கள். அரபிக்காரன் அப்படி, இங்கிலாந்துக்காரன் இப்படி என்று பேசுவோம். பூட்டியது நம்முடைய தமிழ்க் கை.

உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று கட்டடக் காவலாளி வந்து சொன்னான். எகிப்துக்காரன், பாடம் சொல்ல வந்துபோன என்னைத் தெரிந்தவன். ஓடினேன். மூன்றாம் மாடி.

"தெய்வானை!"

"டீச்சர்! அரிசி இருக்கு, தண்ணி இருக்கு. சைரன் அடிச்சா எங்க போறதுன்னுதான் தெரியல. ரூமையும் பூட்டிட்டுப் போய்ட்டாங்க."

ரூம் என்றால் அந்த டேப் ஒட்டிய அறை. நகை அதற்குள் இருந்தது. நகைக்கு விஷவாயு பிடிக்கக்கூடாது, பாருங்கள்!

காவலாளியிடம் சாவி இல்லை. உடைக்கப் பயந்தான். அவனுடைய விசாவும் இன்னொருவர் கையில். கத்தினேன். கெஞ்சினேன். கடப்பாரை எடுத்துவரக் கீழே போனான்.

சைரன். ஏறி இறங்கி.

"டீச்சர், நான் ஜன்னலால இறங்குறேன்!"

"இறங்காதை! நில்! கதவை உடைக்கிறம்! நில்!"

கதவைக் கையால் அடிக்கிறேன். காலால் உதைக்கிறேன். உள்ளே ஓடுகிற கால் சத்தம். சமையலறை ஜன்னல் இழுபடுகிற சத்தம். சைரன் ஏறுகிறது. இறங்குகிறது. காவலாளி மூச்சிரைக்க வருகிறான். பூட்டு தெறித்தது.

சமையலறை. தண்ணீர்க் குழாயில் கட்டிய படுக்கை விரிப்பு. முடிச்சு அவிழவில்லை. துணிதான் கிழிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே சிமெந்துத் தரை. அவள் அசையவில்லை.

நீட்டி ஊதியது. ஏவுகணை கடலில் விழுந்தது என்றது வானொலி. உயிர்ச்சேதம் இல்லை என்றது.

சென்னைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நாங்க அவள இறங்கச் சொல்லலையே மிஸ்" என்றார் இஞ்சினியர். இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுதிக்கொள்ளட்டும். செத்தது தெய்வானை, இருபத்தாறு வயது. தலவாக்கலையில் அவளுடைய மகளுக்கு மூன்று வயது, அவளுக்கு இனி அம்மா இல்லை. உடைந்தது ஒரு பூட்டு. மேடம் திரும்பத் திரும்ப விசாரித்தது அதைப் பற்றித்தான்.