அசலையே ஒட்டச் சொன்னேன்

"அண்ணி, எப்பவும் போல ஜெராக்ஸ் எடுத்தேன். பழைய படமில்ல, அம்மா முகம் மங்கலா விழுது. பேசாம போட்டோவையே ஒட்டிடட்டுமா?"

"ஒட்டேன். நகல்ல என்னம்மா உயிர் இருக்கும்?"

நான் சொன்னது இவ்வளவுதான். கேட்டவள் என் தம்பி பெண்டாட்டி. நான் இருபத்திரண்டு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

கண்ணாடி டம்ளரில் ஆள் முகத்தை ஏற்றிப் பரிசு கொடுப்பது அவளுடைய பொழுதுபோக்கு. ஜெராக்ஸ் தாளைக் குப்புற வைத்து டம்ளரின் வெளிப்பக்கம் பசை போட்டு ஒட்டுவாள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் தேய்த்துத் தாளை உரித்தெடுப்பாள். மை மட்டும் கண்ணாடியில் தங்கிவிடும். பெரிய வித்தை. பிறந்தநாளுக்கு ஒன்று, கல்யாண நாளுக்கு ஒன்று, காய்ச்சல் விட்டதற்கு ஒன்று. வாங்கியவர்களும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு மூக்கு கோணலாக விழுந்திருந்தது. "அச்சு அசல் நானேதான்" என்றார். அது என்னவோ உண்மை.

அடுப்படி அலமாரியில் ஒன்பது டம்ளர்கள் இருக்கின்றன. வீட்டு நாய்க்கும் ஒன்று உண்டு. எனக்கு இல்லை. ஆரம்பத்தில் ஒரு தடவை என் படத்தைக் கேட்டாள். "எதுக்கு, தினம் என் மூஞ்சிய சோப்பு போட்டுக் கழுவவா?" என்றேன். அதோடு விட்டுவிட்டாள். ஒரு வார்த்தைக்கே சுருண்டுபோகிறவளை என்ன சொல்வது? எனக்கொன்றும் குறையில்லை. ஒன்பது என்பதுகூடத் தூசி தட்டும்போது எண்ணியதுதான்.

அம்மா படம் போட்ட அந்த டம்ளர் அவளுடைய அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு. அம்மா அவளுடைய நாலு வயதில் போய்விட்டாள். மிஞ்சியது அந்த ஒரே படம்.

ஸ்டுடியோ படம் ஜெராக்ஸ் மாதிரி அல்ல. உருவம் தாளின்மேல் ஒரு மெல்லிய படலத்தில் இருக்கும். ஊறவைத்துத் தேய்த்தால் தாளோடு சேர்ந்து கூழாகிவிடும். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

அவள் தொட்டியடியில் நின்று தேய்த்தாள். நான் பக்கத்தில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் தோள் போயிற்று. பிறகு ஒரு காது. கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முதல்ல அப்படித்தான் தெரியும். மெதுவா, வட்டமா தேய்" என்றேன்.

தேய்த்தாள். அவள் அம்மாவின் கண்கள் அவளுடைய கட்டைவிரலில் சாம்பல் நிறத் திரியாகச் சுருண்டு வந்தன.

கத்துவாள், என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் அவளுக்குத் துப்பில்லை. ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கைதான் அண்ணி அழுத்திடுச்சு. நீங்க மெதுவான்னுதான் சொன்னீங்க."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு காரியத்தை யோசித்து, நிதானமாக, பிசகில்லாமல் செய்தவள் நான். பழியை அவள் எடுத்துக்கொண்டு போவதா? வீட்டில் எல்லோரும் அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலை, அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"உன் கை இல்லம்மா. கூழாயிடும்னு தெரிஞ்சேதான் ஒட்டச் சொன்னேன்."

அவள் திரும்பினாள். அழவில்லை.

"ஏன் அண்ணி?"

பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். பரிசு என்ற பெயரில் ஊரையெல்லாம் கைக்குள் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பற்றி, பல்லிளிக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி, நாலே வாக்கியம். மனப்பாடமாகவே இருந்தது. சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கும் ஒரு டம்ளர் செஞ்சு குடேன்மா."