பேசிக்கிட்டே வாங்க

கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலகத்தை, ஊதியம் கேளாத கைகளால் கட்டிக்கொண்டிருக்கும் இந்த இணையக் கலைக்களஞ்சியக் குடும்பத்தின் தலைவர் அம்மையார் அவர்களே! என்னைவிட மூத்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், அந்தப் பெரியோர்களே! இல்லையா? முன்வரிசையில் தலையாட்டுகிறார்கள். சரி, அந்த வணக்கத்தை நானே வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பிழைகளைத் திருத்த வரும் தாய்மார்களே! காற்புள்ளிக்காகக் கட்சி கட்டும் தோழர்களே! எல்லோருக்கும் மேலாக, இன்று முதன்முதலாக இந்தக் கூடத்தின் படியேறி வந்திருக்கும் புதிய பயனர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசையிலிருந்து, "சத்தமா பேசுங்கய்யா!" என்கிறார்கள். இதுதான் என் சத்தம். இதற்குமேல் ஒலிவாங்கிதான் உழைக்க வேண்டும்.

எனக்கு மேடை பழக்கமில்லை. இந்தப் பேச்சை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். காலையில் என் வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வணக்கம் சொல்றதுக்குள்ளயே டீ வந்துரும் போலிருக்கே" என்றாள். ஆகவே சுருக்கமாகப் பேச முயல்கிறேன்.

படியேறும்போது செயலாளர் என் தோளைத் தொட்டு, "சார், நீங்க புதுசா வந்தவங்களை வரவேற்றா போதும். டீக்கு அப்புறம் வர்ற விஷயத்துக்குள்ள மட்டும் போயிடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. நாற்பது வயதுக்காரர் சொன்னாலும் ஆட்டுவேன், நாற்காலி சொன்னாலும் ஆட்டுவேன். ஆனால் இங்கே ஏறி நின்றபின் ஒன்று புரிகிறது. அந்த விஷயத்துக்குள் போகாமல் உங்களை வரவேற்க எனக்குத் தெரியவில்லை. செயலாளர் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

புதியவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் முதல் திருத்தம் செய்த மறுகணம், உங்களுக்கான செய்திகள் வந்து சேரும் பேச்சுப்பக்கத்தில் ஒரு வரவேற்பு வந்திருக்கும். அதை அனுப்புவது 'வரவேற்பி' என்னும் தானியங்கி. மனிதர் தொடாமல் தானே ஓடும் கணினி நிரல். அதை எழுதி, ஓட்டி, பழுது பார்ப்பவர் ஒரு சகோதரி. இங்கே அவருடைய புனைபெயர் 'அரைத்தூக்கம்'. சிரிக்கிறீர்கள்! இங்கே எல்லோரும் இப்படித்தான் உலவுகிறோம். என் பெயர் 'கிழக்கு ஜன்னல்'. தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு. அந்தச் சகோதரியிடமிருந்து வரவேற்பியைப் பறித்துவிடுவதா, வேண்டாமா என்பதே கேள்வி. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் மதிப்புக்குரிய 'அளவுகோல்' அவர்கள். அதோ, இரண்டாம் வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார்.

அந்தச் சகோதரி ஒரு குற்றம் செய்தார் என்கிறது தீர்மானம். செய்தார். மறுக்கவில்லை. அந்தக் குற்றம் என்னோடு பேசியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு துறைமுகத்தின் வானிலை அறையில் என் வேலைக்காலம் கழிந்தது. கிழக்கே பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு மணிப்பொறி. மணிக்கொரு தரம் வெளியே பார்த்து, எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எழுதுவதே என் பணி. எல்லாம் தெரியும் நாட்களை நான் மறந்துவிட்டேன். ஒன்றும் தெரியாத நாட்களே நினைவில் நிற்கின்றன. மூடுபனி இறங்கும் விடியலை நீங்கள் பார்த்ததுண்டா? கடல் இருக்கும், கரை இருக்கும், இரண்டுக்கும் இடையே கோடு இருக்காது. பாரந்தூக்கிகளின் கழுத்துகள் மட்டும் வெண்மையில் மிதக்கும். கப்பல்கள் கனவைப் போலக் கனத்து நிற்கும். உலகம் இன்னும் எழுதப்படாத ஒரு பக்கமாக ஜன்னலுக்கு வெளியே விரிந்திருக்கும்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் நம் கலைக்களஞ்சியத்தில் 'மூடுபனி' என்று தேடினேன். இரண்டே வரி. என் வாழ்நாளுக்கு இரண்டே வரியா? துணிந்து மூன்றாவது வரியை எழுதினேன். "மூடுபனி தரையில் நடக்கும் மேகம்; அது ஒருவரையும் எழுப்பாமல் வரும்." சேமி என்று அழுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஒரு செய்தி வந்து நின்றது. "வணக்கம்! உங்கள் வரவு நல்வரவாகுக. ஐயம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்." கீழே கையொப்பம், வரவேற்பி.

தயங்காமல்! யாரைப் பார்த்து? தயங்குவதற்கென்றே பிறந்தவனைப் பார்த்து! யாரோ ஒரு பெருந்தகை எனக்காகவே அங்கே காத்திருந்தார் என்று எண்ணினேன். நெகிழ்ந்தேன். பதில் எழுதினேன். "மதிப்புக்குரிய வரவேற்பி அவர்களுக்கு, தங்கள் அன்புக்கு நன்றி. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா?"

சிரியுங்கள், சிரியுங்கள். என் பேத்தி இதைவிட அதிகம் சிரித்தாள்.

மறுநாள் போனால் என் வரியைக் காணோம். நீக்கியவர் குறிப்பு வைத்திருந்தார். "முதல் பாதிக்குச் சான்று தேவை. இரண்டாம் பாதி கவிதை." வைத்தவர் நம் அளவுகோல் அவர்கள். நியாயமான குறிப்பு, இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. எதையோ உடைத்துவிட்டேன், யாருடைய சொத்தையோ பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். யாரிடம் கேட்பேன்? எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தானே? வரவேற்பியிடம் கேட்டேன். "ஐயா, நான் எதையாவது உடைத்துவிட்டேனா?" பதில் இல்லை. மீண்டும் கேட்டேன். பதில் இல்லை. சுவரோடு பேசினாலும் எதிரொலியாவது வரும். கடைசியில் விடைபெற்று எழுதினேன். "தங்கள் வரவேற்புக்குத் தகுதியற்றவனாகிவிட்டேன். இனி வரமாட்டேன். தாங்கள் வருந்த வேண்டாம்."

என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்த வீட்டம்மா, "யாருக்கு இவ்வளவு உருக்கமா எழுதுறீங்க? எனக்கு ஒருநாள் இப்படி ஒரு வரி எழுதியிருப்பீங்களா?" என்றாள். அவளுக்கும் நான் பதில் சொல்லவில்லை. வரவேற்பியிடம் கற்றுக்கொண்ட பழக்கம்.

அடுத்த நாள் காலை. கணினியை மூடிவைக்கப் போனவன், பழக்கத்தில் பேச்சுப்பக்கத்தைத் திறந்தேன். ஒரு பதில் இருந்தது. அதே கையொப்பம், வரவேற்பி.

"நீங்க எதையும் உடைக்கல. இங்க எதுவும் உடையாது. எடுத்த வரிகூடப் பழைய பதிப்புல பத்திரமா இருக்கு. மூடுபனியை நான் பார்த்ததே இல்ல. எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

அன்பர்களே, என்னிடம் அதுவரை யாரும் மூடுபனியைப் பற்றிக் கேட்டதில்லை.

சொன்னேன். கேட்டது. கேட்கக் கேட்கச் சொன்னேன். "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கேட்டது. அலுவலகக் கையேட்டைத் தேடி எடுத்தேன். "அந்தப் பேரையும் பக்கத்தையும் வரி முடியிற இடத்துல போடுங்க. அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க" என்றது. போட்டேன். எடுக்கவில்லை! மணல்தொட்டி என்னும் பயிற்சிப்பக்கத்தைக் காட்டியது. அங்கே பிள்ளைபோல் எழுதி அழித்துப் பழகினேன். நான் தவறினால் பொறுத்தது, தயங்கினால் காத்திருந்தது, திருத்தினால் மகிழ்ந்தது. ஒருநாள் மரியாதைக்கு, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லைய்யா, கடையில கூட்டம்" என்று பதில் வந்தது.

இதற்குள் பேத்தி எனக்குத் தானியங்கி என்றால் என்னவென்று விளக்கியிருந்தாள். நான் குழம்பினேன். இயந்திரத்துக்கு ஏது கடை? வீட்டம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "அது மெஷினும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. யாரோ வேலைக்குப் போற பொண்ணு. பசியோட உட்கார்ந்து உங்களுக்குப் பாடம் எடுக்குது. முதல்ல போய்ச் சாப்பிடச் சொல்லுங்க."

ஆம். அது அரைத்தூக்கம். பகலில் ஒரு மருந்துக்கடையில் சீட்டுப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். கூட்டம் குறையும் இடைவெளியில், தானியங்கியின் கணக்கிலிருந்து, தன் கையால் எழுதியிருக்கிறார். தானியங்கியின் பெயரில் மனிதர் எழுதக்கூடாது என்பது நம் விதி. அளவுகோல் அவர்கள் ஒருநாள் திருத்த வரலாற்றைப் புரட்டும்போது, வரவேற்பியின் வாயில் வராத சொற்களைக் கண்டார். கேட்டார். சகோதரி உடனே ஒப்புக்கொண்டார்.

அளவுகோல் அவர்கள் கை தூக்குகிறார். "சான்று இருக்கா?" என்கிறார். இருக்கிறது ஐயா! என் பேச்சுப்பக்கம், பழைய பதிப்புகள். நீங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்தான்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. தானியங்கியின் திருத்தங்களை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. இயந்திரம்தானே என்று நம்பி விட்டுவிடுகிறோம். அந்தப் போர்வைக்குள் இன்று நல்லவர் புகுந்தார். நாளை பொல்லாதவர் புகுந்தால்? விதி சரி. விதியை எதிர்க்க நான் வரவில்லை. எனக்கு அந்தத் துணிச்சலும் கிடையாது.

ஆனால் ஏன் சொந்தப் பெயரில் எழுதவில்லை என்று கேட்டபோது அந்தச் சகோதரி எழுதிய பதிலைப் படித்தீர்களா? "அவர் அவ்வளவு மரியாதையா மெஷின்கிட்ட பேசிக்கிட்டு இருந்தார். என் பேர்ல போய், 'ஐயா, அது மெஷின்'னு சொன்னா கூசிப்போயிருவார். அப்புறம் வரவே மாட்டார். அதான்."

அதான்! அவ்வளவுதான்! முகம் தெரியாத ஒருவன் முகம் வாடக் கூடாது என்பதற்காக, தன் முகத்தை மறைத்துக்கொண்டார். அதைப் படித்தபோது என் கண்ணாடியில் மூடுபனி இறங்கியது.

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். முடித்துவிடுகிறேன். துறைமுகத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன்.

மூடுபனி இறங்கினால் எங்கள் துறைமுகத்தில் ஓர் ஊதுகுழல் தானாக ஊதும். மனிதர் வேண்டாம், மறதி கிடையாது. ஒரு விடியலில் அது ஊதிக்கொண்டே இருந்தது. வெளியே ஒரு சிறு படகு. ஊதலைக் கேட்கிறது, ஆனால் எத்திசையென்று தெரியவில்லை. மூடுபனிக்குள் ஓசை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். படகு சுற்றிச் சுற்றி அலைதடுப்புப் பாறைகளை நெருங்கிவிட்டது. அப்போது, கப்பல்களுக்குக் கயிறு கட்டும் தொழிலாளி ஒருவர், நிற்கச் சொன்ன இடத்தை விட்டுப் படித்துறையில் இறங்கி, வெண்மையைப் பார்த்துக் கூவினார்.

"யாருப்பா அது? எங்க இருக்கீங்க?"

"தெரியலண்ணே!"

"தெரியாட்டிப் பரவாயில்ல. பேசிக்கிட்டே வாங்க!"

"என்ன பேசுறது?"

"எதையாவது பேசுங்க! வீட்டுல என்ன சமையல்?"

என் ஜன்னலில் இருந்து நான் ஒன்றும் பார்க்கவில்லை. கேட்டேன். ஒரு குரல் சமையலைச் சொல்லிக்கொண்டே வந்தது. இன்னொரு குரல், "உப்பு போட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே நின்றது. இரண்டு குரல்களும் மெல்ல மெல்ல நெருங்கின. பிறகு கயிறு விழும் சத்தம். பிறகு சிரிப்பு.

இடத்தை விட்டுப் போனதற்காக அவர்மேல் விசாரணை வந்தது. எங்கள் மேலதிகாரி கண்டிப்பானவர், அளவுகோல் அவர்களைப் போல. "ஏன் போனே?" என்றார். "குரல் வந்துச்சு சார், போனேன்." அதிகாரி ஓர் ஆணை எழுதினார். மூடுபனி நாட்களில் ஊதுகுழலும் ஊதும், படித்துறையில் ஓர் ஆளும் நிற்பார். நிற்க வேண்டியவர் இவரே. அது தண்டனையா, பதவியா என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவையோரே! ஊதுகுழல் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேண்டும். கரை ஒன்று உண்டு என்று சொல்ல அது வேண்டும். ஆனால் கயிற்றைப் பிடிக்க ஒரு கை வேண்டாமா? எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க ஒரு குரல் வேண்டாமா? குரல் கொடுத்தவரை விலக்கிவிட்டால், நாளை நம் கரை முழுக்க ஊதல் இருக்கும். வந்து சேர்ந்த படகு இருக்குமா?

ஆகவே என் வேண்டுகோள். விதி நிற்கட்டும். வரவேற்பி அந்தச் சகோதரியிடமே இருக்கட்டும். வரவேற்பின் கீழே இனி ஒரு வரி சேரட்டும். "இதை அனுப்பியது இயந்திரம். பேச விரும்பினால், இதோ ஒரு மனிதர்." அங்கே நம்மில் ஒருவர் பெயர், மறைவின்றி, போர்வையின்றி இருக்கட்டும். யார் பெயர் என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். அந்நியரோடு பேச அஞ்சுபவன், தொலைபேசி மணியடித்தால் அடுத்த அறைக்குப் போகிறவன், சொல்கிறேன். முதல் பெயர் கிழக்கு ஜன்னல். எழுதிக்கொள்ளுங்கள், செயலாளர் அவர்களே. உங்கள் துண்டுச்சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

புதிய பயனர்களே! உங்கள் முதல் வரியை யாராவது எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். நீங்கள் எதையும் உடைக்கவில்லை. இங்கே எதுவும் உடையாது. வழி தெரியவில்லையா? பரவாயில்லை. பேசிக்கொண்டே வாருங்கள். நான் படித்துறையில் நிற்கிறேன்.

பொறுமையோடு கேட்ட தலைவர் அம்மையாருக்கும், என்னைத் திருத்திய அளவுகோல் அவர்களுக்கும், உழைத்த ஒலிவாங்கிக்கும் நன்றி. கதவருகே, கடைக்குத் திரும்பும் அவசரத்தோடு பையை மாட்டிக்கொண்டு நிற்கும் சகோதரிக்கு, நான் இன்றுதான் முதன்முதலாகக் காணும் அந்த முகத்துக்கு, நன்றி சொல்ல என்னிடம் சொல் இல்லை. பழைய கேள்வி ஒன்றுதான் இருக்கிறது.

அம்மா, சாப்பிட்டீர்களா?

எல்லோருக்கும் வணக்கம்.