ஆழ்துளைக்குள் போன ஸ்பேனர்

தலைமை ஏற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, தளராத கைகள் கொண்ட செவிலியரே, தாய்மைக்குக் காத்திருக்கும் தங்கைகளே, பெரியோர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் என் முகம் பார்க்க மறுக்கும் என் அண்ணனே, துளைபோடும் தொழிலில் தோல்வியறியா வித்தகரே! அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பிரசவ மருத்துவமனையின் பழைய ஆழ்துளைக் கிணறு வற்றியபோது நமக்கு மிஞ்சியது என்ன? புதுக் கிணறும் கைவிட்டால் பிரசவப் பிரிவையே மூடிவிடுவோம் என்ற அறிவிப்பு! அண்ணன் ஆழமாகத் துளை போட்டார். மேலடுக்கு களிமண், சொதசொதவென்று ஈரம். கீழடுக்கோ வெறும் மணல். நீரை உள்ளே விடும் சல்லடைக் குழாயை மேலடுக்கில்தான் பதிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நான் என் காந்தக் கருவியோடு வந்தேன். காந்தம் தண்ணீரை என்ன செய்யும் என்கிறீர்களா, அம்மா? நீரின் அணுக்கருக்களை வரிசையில் நிறுத்தும். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் அவை தடுமாறி, பிறகு அடங்கும். சின்ன அறையில் ஓடும் பிள்ளை சுவரில் முட்டி முட்டிச் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். மைதானத்துப் பிள்ளை அடங்குமா? களிமண்ணின் நுண்துளையில் சிக்கிய நீர் சட்டென்று அடங்கும்; மணலின் அகன்ற இடைவெளியில் இருக்கும் நீர் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் நீரே நம்மை நாடி வரும் நீர்!

கீழடுக்கை அளந்தேன். கருவி உளறியது. அண்ணன் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது. கருவியை மேலே இழுத்தோம். காந்தத்தைக் கட்டிப்பிடித்தபடி வந்தது ஒரு ஸ்பேனர்! காணாமல் போன தன் ஸ்பேனரை எதிர்ப்பட்டறைக்காரர் எடுத்துவிட்டார் என்று அண்ணன் அவரோடு பேச்சையே நிறுத்தியிருந்தாரே, அதே ஸ்பேனர்! பட்டறைக்காரரே, போதும், கைதட்டிக் கைதட்டிக் கை சிவந்துவிடப் போகிறது.

மறுபடி இறக்கினேன். மேலடுக்கின் ஈரம் முழுவதும் சட்டென்று அடங்கியது. கீழே நீர் நின்று விளையாடியது. அண்ணன் கருவியின் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"சரி, நீ சொல்ற எடத்துலயே பதிக்கிறேன். தண்ணி வரலன்னா அந்த ஸ்பேனர ஒன் கழுத்துல கட்டிடுவேன்" என்றார்.

என் கழுத்தைப் பாருங்கள்! நீங்கள் போட்ட மாலைதானே கிடக்கிறது?

எவ்வளவு வைத்திருக்கிறாய் என்றா மண்ணைக் கேட்டோம்? எவ்வளவு விடுவாய் என்றல்லவா கேட்டோம்! களிமண் கடைசிவரை விடவில்லை. என் அண்ணன் விட்டார். பிறந்ததிலிருந்து விடாத பிடிவாதத்தை விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதோ, உள்ளே ஒரு குழந்தை அழுகிறது, கேட்கிறதா? முதல் குளியல் நடக்கிறதாம். இனி இந்த ஒலிவாங்கிக்கு என்ன வேலை? பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, பட்டறைக்காரருக்கு எங்கள் குடும்பத்தின் மன்னிப்பு, குளிக்கும் அந்தக் குட்டிக்கு என் வணக்கம்!