சாம்பல் படிந்த நீலப்பூத் தட்டு

பீங்கான் தட்டைப் புளி போட்டுத் தேய்ப்பவர்களை நான் மனிதராக மதிப்பதில்லை. அப்படித் தேய்த்தால் பளபளப்புப் போகும், கறை போகாது.

ஆய்வாளர் அவர்களுக்கு: உங்கள் எழுத்தர் நேற்று எழுதிய வாக்குமூலத்தில் ஒற்றுப்பிழைகள் பதினொன்று இருந்தன. ஆகவே, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மயில்வாகனம் ஆகிய நானே இதை எழுதித் தருகிறேன்.

அந்த நீலப்பூத் தட்டு, எங்கள் கொள்ளுத்தாத்தா நெய்த புடவையைக் கண்டு மகிழ்ந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி கொடுத்தது. வயது நூற்றிருபதுக்குக் குறையாது. மேற்பூச்சில் மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. அதைப் பார்க்கலாம், தொடக்கூடாது. இந்த எளிய விதியை என் தம்பி சிவராஜுக்கு நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன்.

சிவராஜ் தறிக்காரன். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல்களின் நுனியோடு புதிய பாவை இணைக்கும்போது, விரலில் சாம்பல் தொட்டு இழை இழையாக முறுக்குவான். ஆயிரக்கணக்கான இழைகள். முடியும்வரை எழ மாட்டான்; தலையையும் திருப்ப மாட்டான். தாகமெடுத்தால் கையைப் பின்னால் நீட்டுவான். வீட்டில் இருப்பவர் அதில் டம்ளரை வைக்க வேண்டும். பார்க்காமலே அண்ணாந்து ஊற்றிக்கொள்வான். எங்கள் வீட்டு வழக்கம் அது.

சென்ற மாதம் அவன் அந்தச் சாம்பலை நீலப்பூத் தட்டில் வைத்திருந்தான். விரல் ஈரமும் அரக்குச் சாயமும் சேர்ந்து விரிசல்களுக்குள் இறங்கியிருந்தன. கேட்டேன்.

“தட்டு என்னாத்துக்குண்ணா இருக்குது? எதுனா வைக்கத்தானே. இஸ்கூலு முடிஞ்சும் தட்டுக்குப் பாடம் நடத்திக்கினு இருக்குறியே” என்றான். அவன் மனைவி மஹாலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நான் கோபப்படவில்லை. கோபத்தால் கறை போகாது. சாயப்பட்டறைப் பழனியிடம், பட்டு நூலை வெளுக்கும் பெராக்சைடு ஒரு குப்பி வாங்கினேன். “தண்ணி மாதிரிதான் இருக்கும் வாத்தியாரே. கையில பட்டாலே வெந்துடும், பாத்துக்குங்க” என்றார். பார்த்துக்கொண்டேன். பஞ்சை நனைத்துத் தட்டின்மேல் பரப்பி, மூடி வைத்தேன். ஒன்பதாம் நாள் தட்டின் நடுப்பகுதி வெளுத்துவிட்டது. விளிம்பு மட்டும் பாக்கி. அதற்காகக் கொஞ்சம் திரவத்தை டம்ளரில் ஊற்றிச் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

அன்று மஹாலட்சுமி திருப்புட்குழிக்குப் போயிருந்தாள். சிவராஜ் பாவு இணைத்துக்கொண்டிருந்தான். சாம்பல் அவன் அருகே ஒரு கொட்டாங்கச்சியில் இருந்தது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறேன். கை பின்னால் வந்தது.

“ணா, கொஞ்சம் தண்ணி குடுண்ணா.”

டம்ளர் மாறிவிட்டது என்று நேற்றுச் சொன்னேன். அது பிழை, அடித்துவிடவும். தண்ணீர்க் குடம் தறியருகிலேயே இருக்கிறது. அதைக் கடந்து, பன்னிரண்டு அடி நடந்து, அலமாரியில் இருந்த டம்ளரை எடுத்துவந்து அவன் கையில் வைத்தேன். நாற்பது ஆண்டுகளாகத் திருத்தியும் திருந்தாத ஒருவனை, ஒரே ஒரு முறை திருத்தாமல் விட்டேன். இதைப் போய்க் குற்றம் என்கிறீர்கள்.

குடித்த பிறகு அவன் ஏதோ சொல்ல முயன்றான். சொற்கள் தெளிவாக இல்லை. தெளிவில்லாத உச்சரிப்புக்கு வகுப்பிலேயே நான் செவி கொடுத்தவனல்லன். கதவைச் சாத்திவிட்டு, குப்பியில் மீதியிருந்ததைத் தொட்டு விளிம்பைத் துடைக்கத் தொடங்கினேன். மஹாலட்சுமி திரும்பி வருவதற்குள் தட்டு அன்று வாங்கியதுபோல் ஆகிவிட்டது.

ஆனால் நேற்று நீங்கள் என்னை அழைத்து வரும்போது ஒன்றைக் கண்டேன். கூடத்தில் கிடத்தியிருந்த தம்பியின் உடல் தலைமாட்டில் திருநீறு வைக்க, வேறு பாத்திரமே இல்லாததுபோல், அவள் அந்தத் தட்டை எடுத்திருக்கிறாள். திருநீறும் சாம்பல்தானே. கண்ணீர் வேறு அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே, குப்பியைச் சாட்சிப்பொருளாக எடுத்துச் செல்ல வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் இன்னும் பாதி இருக்கிறது. மஹாலட்சுமியும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.