ஆறாம் கட்டிலோட எண்ணிக்கை

"உன் கைதான்டி. வேற யார் கை? அவங்கதான் எழுதியே வச்சிருக்காங்களே."

"நான் போர்வையைத்தாங்க இழுத்து விட்டேன். குழாய் பக்கமே போகல."

"இழுக்கும்போது பட்டிருக்கும். உனக்கு எதுலதான் நிதானம் இருக்கு?"

"அப்ப நான்தான் புள்ளையக் கொன்னேங்கறீங்களா?"

அவர் கையில இருந்த பேப்பரை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டார்.

நர்ஸ் ரூம் கதவு பாதி திறந்துதான் இருந்துச்சு. நான் உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன். ஆறிப்போன டீ. எழுந்து போய் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் அப்படி வலி, அதோட புருஷன் பொண்டாட்டி சண்டையில நமக்கென்னன்னு இருந்துட்டேன். ஆறாம் கட்டில் குழந்தை போய் ரெண்டு நாள் ஆச்சு, அப்பா அம்மா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பேப்பர் வாங்க வந்திருந்தாங்க.

நான் புற்றுநோய் வந்த குழந்தைங்க வார்டுல பத்தொம்பது வருஷமா நர்ஸ். கீமோ குடுத்தா இந்தக் குழந்தைங்களுக்கு எதிர்ப்புச் சக்தி சுத்தமா இறங்கிடும். நம்ம கையில சும்மா ஒட்டிட்டிருக்கற கிருமி போதும், ஆளையே கொண்டு போயிடும். அதனால தொடறதுக்கு முன்னாடி கை, தொட்ட பின்னாடி கை. பதினாலு குழந்தைங்க, ரெண்டே நர்ஸ். கணக்குப் போட்டுப் பாத்தா கை சுத்தம் பண்ணவே ஒரு ஆள் தனியா வேணும்.

என் கை ரொம்ப வருஷமா வெடிச்சுப் போயிருக்கு. விரல் இடுக்குல கோடு கோடாப் பிளந்திருக்கும். சானிடைசர் பட்டா மிளகாய் அரைச்சுத் தடவின மாதிரி எரியும். வீட்டுல பாத்திரம் தேய்க்கறது என் பொண்ணுதான். "அம்மா, இந்தக் கையோட எப்படிம்மா வேலை பாக்கறே?"ன்னு கேப்பா. பழகிடுச்சுன்னு சொல்லுவேன். அதான் க்ளவுஸ் இருக்கேன்னு நேரா அதை மாட்டிக்குவேன். க்ளவுஸ் போட்டா மட்டும் போதாது, எனக்குத் தெரியாம இல்ல. நானே புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன்.

ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு சானிடைசர் பெட்டி. ஒரு அமுக்கு அமுக்கினா உள்ள ஒரு எண் ஏறும். மாசக் கடைசியில அதை எடுத்துப் பாப்பாங்க. குறைஞ்சா மீட்டிங், விளக்கம், கையெழுத்து. அதனால நான் ட்யூட்டி முடியறப்ப ஒரு பழைய துண்டைக் கீழ பிடிச்சுக்கிட்டு, எண் சரியா வர்ற வரைக்கும் அமுக்கிட்டுப் போவேன். கூட இருக்கறவங்களுக்கும் சேத்துத்தான். பெருக்கற ஆயாம்மா பாத்துட்டுச் சிரிக்கும். "சிஸ்டர், இந்த வார்டுலயே சுத்தமான கை இந்தத் துண்டுக்குத்தான்"னு சொல்லும். நானும் சிரிப்பேன். ரெண்டு தடவை எங்க வார்டுக்குக் கேடயம் குடுத்தாங்க. அதுல தூசி தட்டறதும் ஆயாம்மாதான்.

ஆறாம் கட்டில்ல இருந்த பொண்ணுக்கு அஞ்சு வயசு. முடியெல்லாம் கொட்டித் தலை உருண்டையா இருக்கும், பட்டாணின்னுதான் கூப்பிடுவோம். கெட்டிக்காரி. யார் கிட்ட வந்தாலும் "கை காட்டு"ன்னு சொல்லி மோந்து பாக்கும். சானிடைசர் வாசம் வந்தாதான் தொட விடும். பெரிய டாக்டரையே ஒரு நாள் திருப்பி அனுப்பிடுச்சு.

அன்னைக்கு நான் அஞ்சாம் கட்டில் குழந்தைக்கு வயித்தால போனதைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். பட்டாணியோட மருந்து மெஷின் கத்த ஆரம்பிச்சுடுச்சு. க்ளவுஸை மட்டும் மாத்திட்டு, மருந்து ஏத்த நெஞ்சுல வச்சிருந்த குழாயைக் கழட்டி மாட்டினேன். அது என் கையப் பிடிச்சு மூக்குகிட்ட கொண்டு போச்சு.

"வாசமே வரல சிஸ்டர்."

"உனக்கு மூக்கடைப்புடி தங்கம்."

அது நம்பிடுச்சு. நான் சொன்னா நம்பும். சாயங்காலம் ஆறாம் கட்டில் பெட்டியில மட்டும் துண்டுக்கு முப்பத்தொரு தடவை அமுக்கினேன்.

மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் போயிடுச்சு. ரத்தத்துல இருந்தது வயித்துல இருக்கற கிருமி, குழாய் வழியாத்தான் போயிருக்குன்னு சொன்னாங்க. தொற்று பாக்கற டாக்டர் வந்து பெட்டியோட எண்ணைப் பாத்தாங்க. "ஸ்டாஃப் கை சுத்தம். வேற யாரு தொடறது?"ன்னு கேட்டாங்க. அம்மா கூடவே இருக்காங்கன்னு சொன்னேன். எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. தாய் கை கழுவாம குழாயைத் தொட்டதைப் பாத்தேன்னு எழுதினேன். பாக்கல. பாத்திருக்க முடியும்தானே. அம்மான்னா தொடாம இருப்பாங்களா?

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. போன வாரம் பஸ் ஸ்டாப்ல அந்தம்மாவைப் பாத்தேன். ரெண்டாவது குழந்தை பொறந்திருக்கு, நாலு மாசம். அதை அவங்க மாமியார்தான் தூக்கி வச்சிருந்தாங்க. "இவ தூக்கவே மாட்டேங்கறாம்மா, நாள் முழுக்கக் கை கழுவிட்டே இருக்கா"ன்னு குறைப்பட்டாங்க. அந்தம்மா கையைப் பாத்தேன். விரல் இடுக்கெல்லாம் அப்படியே என் கை மாதிரியே வெடிச்சிருக்கு. எனக்கு மனசு கேக்கல. நான் போடற களிம்பு பேரைச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு, "நீங்கதான் சிஸ்டர் என் புள்ளைய அவ்ளோ நல்லாப் பாத்துக்கிட்டீங்க"ன்னு அழுதாங்க.

உண்மையச் சொல்லிடலாமான்னு தோணுச்சு. ஆனா இப்பதான் கொஞ்சம் ஆறிட்டு வர்றாங்க, நான் போய்க் கிளறினா தாங்குவாங்களா? அவங்க நல்லதுக்குத்தான் சும்மா இருக்கேன். நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கீழ எழுதுங்க. கை வெடிப்புக்கு இதை விட நல்ல களிம்பு யாருக்காவது தெரிஞ்சா அதையும் சொல்லுங்க, அந்தம்மாவுக்கு வாங்கிக் குடுக்கணும்.